பூங்காவனத்தின் நாலு ஆடுகள்

பாலவாக்கத்தில் கடலுக்கு ரெண்டு தெரு முன்னால் மதில் போட்ட காலி மனை ஒன்று இருக்கிறது. சொந்தக்காரர் வெளிநாட்டில். காவலுக்கு இருப்பவர் கபாலி. முளைக்கிற புல்லைத் தின்னட்டும் என்று ஜோடி ஆடு விட்டார். அது பெருகிப் பத்தொன்பது ஆகிவிட்டது. சுற்றிலும் அடுக்குமாடிகள். குழந்தைகளுக்கு வேடிக்கை காட்டிச் சோறு ஊட்டுகிறவர்களைத் தவிர அந்தப் பக்கம் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. கபாலிக்கும் அதுதான் சௌகரியம். பேச்சு வராத ஆள்.

அவர் பேச வேண்டிய ஒரே ஆள் மஸ்கட்டில் இருந்தாள். பூங்காவனம், அவர் மனைவி. மகள் தீபிகாவின் நர்சிங் படிப்புக்காக ரெண்டே வருஷம் என்று வீட்டுவேலைக்குப் போனவள். இது நாலாவது வருஷம். வெள்ளிக்கிழமை மதியம் மட்டும் அவளுக்கு ஓய்வு. வீடியோவில் வருவாள். "துன்னியா?" என்பாள். "துன்னேன்" என்பார். அதோடு கபாலியிடம் சரக்கு தீர்ந்துவிடும். அந்த முகத்தை நேராகப் பார்த்துப் பேச வராது. சட்டென்று போனை ஆடுகள் பக்கம் திருப்பிவிடுவார். அப்புறம் அவள் பேச்சுதான். மூக்குத்தி எங்க? சோடாபுட்டி இளைச்சிட்டாளா? கலெக்டரம்மா திமிரு அடங்குச்சா? சின்னப்பொண்ணு குட்டி போட்டாளா?

இந்த நாலு ஆடும் அவள் பேர் வைத்து, புட்டியில் பால் கொடுத்து வளர்த்தவை. விமானம் ஏறிய அன்று காலையில்கூடக் கொடுத்துவிட்டுத்தான் போனாள். அவளுக்கும் தனக்கும் நடுவில் கட்டியிருக்கிற கயிறே இந்த நாலு ஆடுதான் என்று கபாலி மனசுக்குள் முடிவு பண்ணியிருந்தார். ஆடு இல்லாவிட்டால் வெள்ளிக்கிழமை என்னத்தைப் பேசுவது?

ரெண்டு வருஷம் முந்தின மழையில் மனையில் முழங்கால் தண்ணீர் நின்றது. நாலும் நொண்ட ஆரம்பித்தன. மழை போயிற்று, நொண்டல் போகவில்லை. குளம்பு இடுக்கில் அழுகல் நாற்றம். முன்னங்கால் முட்டியை மடக்கி, மண்டி போட்டுத்தான் மேய்ந்தன. பூங்காவனத்துக்குத் தெரியக்கூடாதே என்று முருங்கைக் கொத்தை உயரப் பிடித்து, தலை தூக்கியதும் கழுத்து வரைக்கும் மட்டும் காட்டினார். அவளும் ஒவ்வொரு வாரமும், "நல்லாத்தான் கீதுங்க" என்று திருப்தியாகச் சிரித்தாள்.

சும்மா இருக்கவில்லை கபாலி. அமாவாசைக்கு அமாவாசை கத்தியைத் தீட்டிக்கொண்டு உட்காருவார். அழுகினதை வெட்டி எடுத்தால் புதுசு முளைக்கும் என்று, ரத்தம் எட்டிப் பார்க்கிற வரை குளம்பைச் சீவி மண்ணெண்ணெய் வைப்பார். முதலில் பூங்காவனத்தின் நாலு. அப்புறம் அதே கத்தியோடு மற்ற பதினைந்து. அதுகளுக்கு வரக்கூடாதே என்ற முன்ஜாக்கிரதை.

பக்ரீத்துக்கு ஒரு மாதம் முன்னால் ராயப்பேட்டையிலிருந்து ஜைதூன் பீ வந்தாள். புருஷனோடு கறிக்கடை நடத்துகிறவள். குர்பானிக்கு வருஷா வருஷம் கபாலியிடம்தான் ஆடு பிடிப்பாள்.

"நட வுடு நைனா, பாக்கலாம்."

"வருசா வருசம் பாக்கிற ஆடுதான."

"பொண்ணு பாக்க வந்தா பொண்ணக் காட்டணும். நட வுடு."

விட்டார். ஒன்பது நொண்டின. ஜைதூன் பீ முக்காட்டை இழுத்து மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"அரே, இது மந்தையா ஆஸ்பத்திரி வார்டா? காலு ஊனமானத அல்லாவுக்குக் குடுக்க முடியாது நைனா. நாளிக்கு என்னயத்தான் கேள்வி கேப்பாரு."

"கடைக்கு?"

"ஒடம்பு நல்லாருந்தா கடைக்கு ஆவும். மொதல்ல டாக்டராண்ட காட்டு. வைத்தியம்னு நீயே கத்தியத் தூக்காத."

எதிர் மாடியில் குடியிருந்த ஸ்ரீரஞ்சனி அடையாறில் நாய், பூனைகளுக்கு வைத்தியம் பார்க்கிறவர். கபாலி போய்க் கூப்பிட்டதும், ஆட்டைத் தொட்டுப் பத்து வருஷம் ஆயிற்று என்று சொல்லிக்கொண்டே இறங்கி வந்தார். ஒவ்வொரு காலாகத் தூக்கிப் பார்த்தார். கத்தியையும் கேட்டு வாங்கிப் பார்த்தார்.

"நல்லா இருந்த அஞ்சுக்கு வந்தது எப்படின்னு நெனைக்கிறீங்க கபாலி?"

"ஈரம்தான்மா."

"ஈரமும் உண்டு. மிச்சம் இந்தக் கத்தி. நீங்கதான் ஒண்ணுலேந்து ஒண்ணுக்குக் கொண்டுபோயிருக்கீங்க."

கபாலி கத்தியைத் திரும்ப வாங்கவில்லை.

ஒன்பதுக்கும் ஊசி. சீவக் கூடாது. மயில்துத்தத் தண்ணீரில் நிற்க வைக்க வேண்டும். உலர்ந்த மேட்டில் தனியாகக் கட்ட வேண்டும். ஊசி போட்டபின் ஒரு மாதம் கறிக்குக் கொடுக்கக் கூடாது. ரெண்டு வாரத்தில் ஐந்து ஆடுகள் தேறிக் காலை ஊன்றின. நாலு ஊன்றவில்லை. மறுபடியும் ஊசி போட்டும் கேட்கவில்லை.

"இந்த நாலும் இனிமே தேறாது. குளம்பே கோணிப்போச்சு, நோய் உள்ளயே குடியிருக்கு. வெச்சிருந்தா அடுத்த மழைக்குத் திரும்ப எல்லாத்துக்கும் வரும். அதுங்களுக்கும் தெனம் வலி. ரெண்டாவது ஊசிலேந்து மாசம் கணக்கு வெச்சு கறிக்கு அனுப்பிடுங்க."

மூன்று வெள்ளிக்கிழமை கபாலி முருங்கைக் கொத்தைத் தூக்கிப் பிடித்தார். ஒவ்வொரு தடவையும் சொல்லலாம் என்று வாயெடுத்து, "வெயிலு ஜாஸ்தி" என்று முடித்தார். நாலாவது வெள்ளிக்கிழமை கொத்தைக் கீழே போட்டுவிட்டு மூக்குத்தியை அவிழ்த்து விட்டார். அது மூன்று காலில் தாவித் தாவிப் போய் மண்டி போட்டது. போனை அப்படியே பிடித்திருந்தார்.

அந்தப் பக்கம் பூங்காவனம் திரைக்குக் கிட்டே குனிந்து பார்த்தாள்.

"எத்தினி நாளா?"

"ரெண்டு வருசமா."

"ரெண்டு வருசமா என்னாண்ட கழுத்தக் காட்டிக்கினு கீறியா? யோவ், நீ மன்சனாய்யா?"

"நாலும் அப்டித்தான். கறிக்குக் குடுக்கச் சொல்றாங்க. நீ வேணான்னு சொல்லு, வெச்சிக்கிறேன். தனியா கொட்டா போட்டு…"

"போட்டு? அது மண்டி போட்டுக்கினு கெடக்கும், நீ எனக்குப் படம் காட்டுவ. அனுப்பிடுய்யா. கால்நோவு இன்னான்னு உனக்கு இன்னா தெரியும். அஞ்சு மணிக்கு நின்னா ராத்திரி பத்துக்குத்தான் நான் உக்காருறேன்…" என்றவள் அதோடு வாயை மூடிக்கொண்டாள்.

கபாலி போனைத் தன் பக்கம் திருப்பினார்.

"உன் காலுக்கு இன்னா?"

"ஒண்ணுமில்ல."

"காட்டு மே."

"சும்மா கெட."

"காட்டுன்றேன்ல."

படம் ஆடி, கட்டில் விளிம்பு தெரிந்து, தரையில் நின்றது. ரெண்டு பாதமும் ஊறின பன்னாய் வீங்கியிருந்தன. மெட்டி இல்லை, இருந்த இடத்தில் வெளுத்த பள்ளம்.

"ஏற மாட்டேங்குது. கயிட்டி பெட்டில வெச்சிக்கீறேன்."

இவளும் நாலு வருஷமாய் முகத்தை மட்டும்தான் காட்டியிருக்கிறாள். கேட்காதவன் நான்தான் என்று கபாலிக்கு உறைத்தது. வாரம் தவறாமல் ஆட்டைக் காட்டினாரே தவிர, உனக்கு எப்படி என்று ஒரு தரம் வாய் திறந்ததில்லை.

"வந்துடு மே" என்றார். போன நாளிலிருந்து சொல்லாத வார்த்தை.

"புள்ள படிப்புக்கு இன்னும் எட்டு மாசம் பாக்கி கீதுய்யா." அவள் போனைத் திரும்ப முகத்துக்கு நேரே தூக்கினாள். "அதுக்கு மேல ஒரு நாளு இருக்க மாட்டேன்."

மறுவாரம் ஊசிக் கெடு முடிந்து, கருக்கலில் ஜைதூன் பீயின் குட்டியானை வண்டி வந்தது. ஓட்டுநர் ஆட்டின் காலைப் பிடித்து இழுக்கப் போனார். கபாலி அவரைத் தள்ளி நிறுத்திவிட்டு, ஒவ்வொன்றாக நெஞ்சோடு அணைத்துத் தூக்கி ஏற்றினார். கலெக்டரம்மா கடைசி வரை முறைத்துக்கொண்டே போனாள். வண்டி ஈ.சி.ஆர். பக்கம் திரும்பிய பிறகும் அவர் கேட்டிலேயே நின்றார். உள்ளே பதினைந்து ஆடுகள் இருந்தும் மனை காலியாகத் தெரிந்தது.

வெள்ளிக்கிழமை மதியம் அவள் வந்தாள்.

"அனுப்ட்டியா?"

"அனுப்ட்டேன்."

அவள் மூக்கை உறிஞ்சினாள். கபாலி போனைத் திருப்பவில்லை. திருப்பிக் காட்ட ஒன்றுமில்லை.

"கீழ தொங்கப் போட்டுக்காத. தலகாணி மேல கால தூக்கி வெச்சிக்க" என்றார்.

"வெச்சிக்கினேன்."

"டாக்டராண்ட போனியா? இன்னா சொன்னாங்க? மொத்தமாச் சொல்லு."

சொன்னாள். எஜமானி அம்மா கூட்டிப்போனது, ரத்தம் எடுத்தது, மாத்திரையின் நிறம் எல்லாம். கபாலி அப்புறம், அப்புறம் என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

"கூப்புடுறாங்கய்யா, வைக்கிறேன்."

"இரு, ஒரு நிமிசம். எட்டு மாசம்னா எத்தினி வெள்ளிக்கெயம?"

அவள் விரல் மடக்கி உதட்டுக்குள் எண்ணினாள். "முப்பத்தஞ்சு வரும்."

"இன்னிக்கு ஒண்ணு போச்சே."

"அப்ப முப்பத்தி நாலு" என்றாள் பூங்காவனம். எழுந்து போகாமல் இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.