அக்காவுக்கு நான் சொன்ன எலுமிச்சை வைத்தியம்

அறுபத்தாறாம் ஆண்டு ஆனி மாதம். குற்றாலத்தில் சாரல் தொடங்கியிருந்தது. நான் அங்குள்ள கல்லூரியில் தமிழ் இலக்கியம் இரண்டாம் ஆண்டு மாணவி. நாள்தோறும் தென்காசியிலிருந்து பேருந்தில் போய் வந்துகொண்டிருந்தேன்.

என் அக்கா என்னைவிட ஐந்து வயது மூத்தவள். சுரண்டைக்கு அப்பால் ஒரு சிற்றூரில் நாங்கள் குடியிருந்தபோது பிறந்தவள். நான் கைக்குழந்தையாக இருக்கையில் குடும்பம் தென்காசிக்கு வந்துவிட்டது. ஆறு வயது வரை அவள் குடித்தது அந்த ஊர்க் கிணற்றுத் தண்ணீர். அந்தத் தண்ணீரில் வளர்ந்த பிள்ளைகளுக்குப் பல்லில் மஞ்சள் ஏறும் என்று எல்லாரும் அறிவார்கள். அக்காவின் பற்களிலும் அது உண்டு. உறுதியான பற்கள், நிறந்தான் அப்படி.

அவ்வாண்டு தை மாதம் பெண் பார்க்க வந்தவர்கள், “மத்தபடி எல்லாம் சரி, பல்லுதான் யோசனையா இருக்கு” என்று சொல்லியனுப்பிவிட்டார்கள். அதன்பின் அக்கா சிரிக்கும்போதெல்லாம் முந்தானை வாய்க்குப் போனது. எனக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. ஒரு வாரப் பத்திரிகையின் அழகுக் குறிப்பில், எலுமிச்சை மூடியை உப்பில் தொட்டுத் தேய்த்தால் பல் வெளுக்கும் என்று படித்தேன். வீட்டில் கல்லூரிவரை போனவள் நான் ஒருத்திதான். என் சொல்லுக்கு அங்கே ஒரு மதிப்பு இருந்தது. நாளும் காலையில் ஒரு மூடி, ஐந்து நிமிடம், விட்டுவிடாமல் செய்ய வேண்டும் என்று ஆசிரியை போல் விதி வகுத்துக் கொடுத்தேன்.

இரண்டு மாதத்தில் பல் வெளுத்தது. எனக்குப் பெருமை தாளவில்லை. காப்பியை அவள் ஆற வைத்துக் குடிக்கத் தொடங்கியதையும், மண்பானைத் தண்ணீரைத் தவிர்த்ததையும் தினமும் என் கண்கள் கண்டன. நான் அதற்குப் பொருள் தேடவில்லை.

ஆனி மாதத்தில் இன்னொரு வரன் வந்தது. அச்சன்புதூரில் விவசாயக் குடும்பம். எங்கள் பக்கம் இதில் ஒரு நாகரிகம் உண்டு. வீட்டுக்கு வந்து பெண்ணைப் பார்த்து வேண்டாமென்று போவது இரு தரப்புக்கும் சங்கடம். ஆகவே சாரல் காலத்தில் இரு குடும்பங்களும் அருவியில் குளிக்க வந்த மாதிரி தற்செயலாகச் சந்தித்துக்கொள்வார்கள். பிடித்தால் பேச்சு தொடரும். பிடிக்காவிட்டால் எல்லாரும் குளிக்கத்தான் வந்தது. ஞாயிற்றுக்கிழமை ஐந்தருவியில் என்று முடிவாயிற்று.

அதற்கு முந்திய வெள்ளிக்கிழமை, பேருந்தில் என் பக்கத்தில் அமரும் தோழியிடம் என் வைத்தியத்தைச் சொன்னேன். அவள் விலங்கியல் மாணவி.

“வெள்ளைன்னா எப்படி? பளபளன்னா, இல்ல சுண்ணாம்பு அடிச்ச மாதிரியா?”

“சுண்ணாம்பு மாதிரிதான்.”

அவள் என் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். “சாயந்திரம் லேபுக்கு வா” என்றாள்.

கோடையில் பிடுங்கிய தன் கடைவாய்ப்பல்லை அவள் ஒரு தீப்பெட்டியில் வைத்திருந்தாள். அதன் ஒரு துண்டைச் சாணைக்கல்லில் தேய்த்துத் தேய்த்து, ஒளி ஊடுருவும் அளவுக்கு மெல்லிய சில்லாக்கியிருந்தாள். நுண்ணோக்கியில் பார்க்கச் சொன்னாள். பல்லின் மேற்பூச்சான எனாமல் ஒரே கட்டியாக இருக்கும் என்று எண்ணியிருந்தேன். அப்படியில்லை. கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய கோல்கள் ஆயிரக்கணக்கில் நெருங்கி நின்றன. பத்தமடைப் பாயின் கோரைகள் போல, ஊசி நுழைய இடமில்லாத நெருக்கம். பாடல்களில் பல்லை முத்துக்கும் முல்லைக்கும் ஒப்பிடக் கேட்டிருக்கிறேன். நான் கண்டது அவற்றைவிட அழகாக இருந்தது.

பிறகு அதன்மேல் எலுமிச்சைச் சாற்றை விட்டாள். ஒரு மணி நேரம் கழித்து மீண்டும் பார்த்தேன். நேர்கோடாக இருந்த விளிம்பு அரிக்கப்பட்டுப் பிசிறு பிசிறாக நின்றது. கோல்களுக்கிடையே கறுத்த இடைவெளிகள். பாய் முடிச்சவிழ்ந்து கிடந்தது.

“உங்க அக்கா பல்லு வெளுக்கலட்டி. மேல இப்படித் துளை துளையா ஆயிட்டு. வெளிச்சம் அதுல சிதறுது, நமக்கு வெள்ளையாத் தெரியுது. இளகின இடத்தை உப்பு வேற வழிச்சு எடுத்திருக்கும். அதுக்குக் கீழ உள்ள பகுதியில நரம்பு வரைக்கும் வழி இருக்கு. எது பட்டாலும் கூசும்.”

“ஆறாதா?”

“தோலுன்னா ஆறும். இது போனது போனதுதான். இன்னைக்கே நிறுத்தினா மிச்சம் நிக்கும்.” என் முகத்தைப் பார்த்துவிட்டு, “முத்து முத்துன்னு படிக்கீயள்லா, அந்த முத்தும் இதுல கரையும்” என்று சிரிக்க முயன்றாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வீட்டுக்குப் போனபோது அக்கா கொல்லையில் கையில் எலுமிச்சை மூடியோடு நின்றாள். ஞாயிறு நெருங்குகிறதே என்று மாலையிலும் தேய்க்கத் தொடங்கியிருந்தாள். அவள் கண்களில் நீர். நான் மூடியைப் பிடுங்கி எறிந்தேன்.

“வலிக்குதுன்னு ஏன்க்கா சொல்லல?”

“நீ சொன்னா சரியாத்தான இருக்கும்னு நெனச்சேன். எனக்காகப் புஸ்தகத்தைப் பாத்துச் சொன்னியேட்டி.”

கோபித்திருந்தால் தாங்கியிருப்பேன். வாயைக் கொப்பளிக்கத் தண்ணீரை இளஞ்சூடாக்கிக் கொடுத்தேன். வேறெதுவும் செய்யத் தெரியவில்லை.

ஞாயிறன்று ஐந்தருவியில் குளித்து முடித்ததும் தற்செயலான சந்திப்பு நடந்தது. மாப்பிள்ளை தம் தகப்பனாருடன் சற்றுத் தள்ளி நின்றார். அவருடைய தாயார் அன்னாசிக் கீற்றுகளை உப்பும் மிளகாய்ப்பொடியும் தூவி இலையில் வாங்கி வந்து, ஒன்றை அக்காவின் கையில் கொடுத்தார். “தின்னு பிள்ள, குளிச்ச வாய்க்கு நல்லாருக்கும்.”

அவர் கொடுத்ததை மறுக்க முடியுமா? அக்கா ஒரு விள்ளல் கடித்தாள். முகம் இறுகியது, கண் நிறைந்தது. மறுபடியும் கடிக்க வாயருகே கொண்டுபோனாள்.

“என்ன பிள்ள, பிடிக்கலியா?”

“காரமா இருக்கும், வேறொண்ணுமில்ல” என்று அம்மா அவசரமாகச் சொன்னாள்.

அந்நியரிடம் நான் எளிதில் பேசுகிறவளல்ல. சொன்னால் வரன் போய்விடும் என்பதும் தெரியும். ஆனால் அந்தக் கீற்று இரண்டாம் முறை அவள் பல்லில் படுவதைப் பார்க்க என்னால் முடியவில்லை.

“அத்தை, அக்காவுக்குப் பல் கூசுது. முன்னாடி மஞ்சளா இருந்துச்சு. எலுமிச்சை வச்சுத் தேய்க்கச் சொல்லி நாந்தான் கெடுத்துட்டேன். தப்பு என்னோடது.”

அம்மா என் முழங்கையைக் கிள்ளினாள். அந்த அம்மாள் அக்காவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு அக்காவின் கையிலிருந்த கீற்றை வாங்கித் தம் வாயில் போட்டுக்கொண்டார்.

“எந்த ஊருத் தண்ணி குடிச்சா?”

அக்கா பிறந்த ஊரின் பெயரைச் சொன்னேன். அவர் வாயை அகலத் திறந்து காட்டினார். அக்காவுக்கு முன்பிருந்ததைவிட ஆழ்ந்த மஞ்சள். இடையிடையே பழுப்புக் கீற்றுகள்.

“நான் பொறந்தது அதுக்குப் பக்கத்து ஊரு. எம் மவன் இந்த வாயைப் பாத்து வளந்தவன். அவனுக்குப் பல்லுன்னாலே மஞ்சள்தான். வெள்ளையாப் பாத்தாத்தான் பயந்திருப்பான்.” பின்பு அக்காவின் தாடையைத் தொட்டார். “இதுக்காகவா இம்புட்டு வலியப் பொறுத்த, கிறுக்கு?”

முந்தானையைத் தேடாமல் அக்கா சிரித்ததை அன்றுதான் பல மாதங்களுக்குப் பின் பார்த்தேன்.

ஆவணியில் திருமணம் நடந்தது. நான் இப்போது முதுகலை படிக்கிறேன். விடுமுறையில் அச்சன்புதூருக்குப் போனால், அந்த அத்தை எனக்குச் சூடான காப்பியும் அக்காவுக்கு ஆற்றிய காப்பியும் கொண்டுவந்து வைக்கிறார். என் வைத்தியத்தைப் பற்றி அக்கா இன்றுவரை ஒரு சொல் சொன்னதில்லை. ஆறிய பிறகும் அவள் டம்ளரை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டே எடுக்கிறாள். என் சொல்லை அப்படியே நம்பிவிடும் ஒருவரிடம் பேசுவது எத்தனை பெரிய பொறுப்பு என்பதை அந்தச் சிறு நேரத்தில் ஒவ்வொரு முறையும் புதிதாக உணர்கிறேன்.