தட்டினால் நிற்கும் கதை

ஒலிப்புத்தகம் இலவசமாகக் கிடைக்கிறது என்று சொல்கிறவர்கள், அதைத் தேடி எடுப்பதற்குள் போகும் உயிரைப் பற்றிச் சொல்வதில்லை. ஒரே பக்கத்தில் 'டவுன்லோட்' என்று நாலைந்து பொத்தான்கள் பச்சைப் பசேலென்று இருக்கும். ஒன்றைத் தொட்டால் சீட்டாட்டம் திறக்கும். இன்னொன்று, உங்களுக்குப் பரிசு விழுந்திருக்கிறது என்று வாழ்த்தும். உண்மையான பொத்தான் ஏதோ மூலையில், சாம்பல் நிறத்தில், பொடி எழுத்தில் ஒளிந்திருக்கும். நாளெல்லாம் ஆபீசில் கணக்குப் பார்த்துச் சிவந்த கண்ணோடு, பெங்களூரு ஸ்டேஷனில் சாயங்கால வண்டிக்கு நின்றபடி அதைத் தேடுவேன். அங்கேதான் இணையம் வேகமாக இருக்கும். வண்டி கிளம்பிவிட்டால் விட்டு விட்டு வரும். தங்கச் சுரங்க ஊரான பாலகாட்டில் எங்கள் வீட்டில் சிக்னல் வாசற்படியோடு சரி.

எல்லாம் அப்பாவுக்காகத்தான். சுரங்கத்தில் ட்ரில் பிடித்தவர் அவர். கண்ணுக்குள் பிரஷர் ஏறி இரண்டு கண்ணும் போய்விட்டன. அம்மா இல்லை. எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஏன் என்று கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்லும் தெம்பும் இப்போது இல்லை. விடியுமுன் வண்டி பிடித்தால் விளக்கு வைத்த பிறகுதான் திரும்புவேன். நடுவில் இருக்கும் பகல் முழுவதும் அவர் தனியாக இருக்க வேண்டும். மூடி வைத்த சோற்றைத் தடவி எடுத்துச் சாப்பிடப் பழகிக்கொண்டார். கொல்லைப்புறம் போக நான் கட்டிய கயிற்றைப் பிடித்து நடக்கவும் பழகிக்கொண்டார். பகலைத்தான் அவரால் தாண்ட முடியவில்லை. காலையில் நான் பையை எடுக்கும் சத்தம் கேட்டதும், "இன்னிக்கு ஒரு நாள் போவாதம்மா" என்று சொல்ல ஆரம்பித்தார். முதலில் எப்போதாவது, பிறகு தினமும். அவரால் தனியாக இருக்க முடியவில்லை என்றால் நான் வேலையை விட வேண்டும். விட்டால் சாப்பாட்டுக்கு வழி என்ன என்று யோசிக்கவே பயமாக இருந்தது.

கண் இருந்த காலத்தில் கடலை மடித்துத் தந்த தாளைக்கூடப் படித்துவிட்டுத்தான் கசக்குவார். அதனால்தான் கதை கேட்க வைக்கலாம் என்று தோன்றியது. என் பழைய போனை அவர் கட்டிலருகே ஸ்டூலில் வைத்தேன். ட்ரில் பிடித்த காது மந்தம். ஒலியை முழுசாக ஏற்றிவைத்தால்தான் கேட்கும். எங்களுடையது சுரங்கக் கம்பெனி கட்டிய வரிசை வீடு. பக்கத்து வீட்டுக்கும் எங்களுக்கும் ஒரே சுவர். அங்கே அப்பளம் நொறுங்கினால் இங்கே கேட்கும்.

முதலில் கிடைத்த கதையைப் படித்தது கம்ப்யூட்டர் குரல். கொலையையும் தாலாட்டையும் ஒரே மாதிரி படித்தது. "இவனுக்கு உள்ள ஒண்ணுமே இல்லம்மா" என்று அப்பா அரை மணியில் வெறுத்துவிட்டார். அப்புறம் பதிப்புரிமைக் காலம் முடிந்த பழைய நாவல்களை மனிதர்களே சும்மா படித்துப் போட்டிருக்கும் இடம் ஒன்று கிடைத்தது. ஒரு அம்மாள் படித்திருந்தார். நடுநடுவே இருமுவார். சோகமான இடத்தில் பின்னால் குக்கர் விசில் அடிக்கும். அப்பாவுக்கு அது ரொம்பப் பிடித்துப்போயிற்று.

ஆனால் போன் தன் புத்தியைக் காட்டியது. ஒன்றாம் பாகத்துக்கு அடுத்துப் பத்தாம் பாகத்தை ஓட்டியிருக்கிறது. நான் வீடு திரும்பியபோது அப்பா கோபமாக உட்கார்ந்திருந்தார்.

"இன்னா கதைம்மா இது? மத்தியானம் பொணத்த எடுத்தாங்க. சாயங்காலம் அவனே மாலயும் கழுத்துமா கல்யாணம் பண்ணிக்கினு வரான்."

ராத்திரிச் சாப்பாட்டைத் தள்ளிவைத்துவிட்டு எல்லாப் பாகங்களுக்கும் வரிசையாகப் பெயர் மாற்றினேன். சிரிப்பு வரவேண்டிய இடம். எனக்குக் கொட்டாவிதான் வந்தது.

அடுத்த தொல்லை, கதையை நிறுத்துவது. பாறையில் ட்ரில் பிடித்துக் காய்த்துப்போன விரலை அந்தக் கண்ணாடித் திரை மதிப்பதில்லை. நான் வீட்டில் இருந்தால் அப்பா கைத்தடியால் கட்டில் கம்பியில் ஒரு தட்டுத் தட்டுவார். உடனே போய் நிறுத்துவேன். அது சுரங்கத்துப் பழக்கம். கீழே லெவலில், அதாவது சுரங்கத் தளத்தில், இருக்கிறவர்கள் மணி அடிப்பார்கள். மேலே வைண்டிங் இன்ஜின் ஓட்டுகிறவர் அந்த மணியைக் கேட்டுத்தான் ஆட்கள் போகும் கூண்டை, கேஜை, இறக்குவார், ஏற்றுவார். கேஜையும் பார்க்க முடியாது, ஆளையும் பார்க்க முடியாது. ஓடுகிற கேஜுக்கு ஒரு மணி என்றால் நிறுத்து. எங்கள் ஊரில் இது சின்னப் பிள்ளைகளுக்கும் தெரியும்.

நான் இல்லாத பகலில் தட்டி என்ன பிரயோசனம்? கதை தன்பாட்டுக்கு ஓடும். அவர் நடுவில் தூங்கிப்போவார்.

"எழுந்து பாத்தா ஒருத்தி அழுதுக்கினு இருக்கா. எதுக்கு அழுவுறான்னு தெரில. போம்மா, எனக்கு வேணாம். நீ வேலய வுட்டுட்டு ஊட்லயே இரு."

இந்தப் பேச்சு ஒரு வாரம் நடந்தது. பிறகு திடீரென்று நின்றது. வீடு திரும்பிப் போனைப் பார்த்தால் கதை சரியாக ஒரு வாக்கியத்தின் முடிவில் நின்றிருக்கும். அப்பா சாப்பிட்டிருப்பார். முகத்தில் ஒரு தெளிவு.

"யாருப்பா நிறுத்துனது?"

"தட்டினா நிக்குது."

"போனா?"

"தட்டினேன், நின்னுச்சு. எனக்கு இன்னா தெரியும்?"

நானும் நம்பினேன் என்பதுதான் வேடிக்கை. இப்போதெல்லாம் போன் எதைத்தான் செய்வதில்லை? வண்டியில் தொங்கிக்கொண்டு அதன் செட்டிங்ஸ் முழுவதையும் துழாவினேன். தட்டினால் படம் எடுக்க வழி இருந்தது. டார்ச் எரிய வழி இருந்தது. கட்டிலைத் தட்டினால் கதை நிற்க வழி இல்லை.

ஒரு நாள் ஆபீசில் காய்ச்சல் கண்டது. பாதி நாள் லீவு போட்டு, கிடைத்த பஸ்களில் மாறி மாறி மத்தியானமே வந்து சேர்ந்தேன். தெருமுனையிலேயே குக்கர் விசிலோடு அந்த அம்மாளின் குரல் கேட்டது. வீட்டை நெருங்கும்போது கட்டில் கம்பியில் ஒரு தட்டு. பக்கத்து வீட்டு மாமா லுங்கியை மடித்துக் கட்டியபடி எழுந்து வந்தார். சும்மா சாத்தியிருந்த எங்கள் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார். குரல் நின்றது. வந்தவழியே வெளியே வந்தார்.

நான் தெருவிலேயே நின்றுவிட்டேன். அவரும் அப்பாவும் பேசி இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. சுரங்கத்தை மூடும்போது விருப்ப ஓய்வுக்குக் கையெழுத்துப் போடுவதா கூடாதா என்று ஊரே இரண்டாகப் பிரிந்து நின்றது. அவர் போட்டார். அப்பா கடைசிவரை போடமாட்டேன் என்றார். அன்று தெருவில் பேசிய பேச்சோடு சரி. அம்மா செத்தபோதுகூட அவர் தெருவின் எதிர்ப்பக்கமாகத்தான் நின்றார்.

என்னைப் பார்த்ததும் அவருக்குக் கூச்சமாகிவிட்டது.

"பெல் கேட்டுச்சும்மா. எத்தினியோ வருசம் இன்ஜின் ஓட்டுன கை. ஒரு பெல் கேட்டா நிறுத்தாம இருக்க முடியல. அவ்ளோதான்."

"சரிங்க மாமா."

"உங்கப்பாகிட்ட நான் ஒண்ணும் பேசல. அதயும் தெரிஞ்சிக்கோ."

உள்ளே போய் அப்பாவிடம் கேட்டேன்.

"யாரு வந்தா? எனக்குக் கண்ணா தெரியுது?" என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

காய்ச்சல் வேகத்தில் நான் அழுதேன். மாதக் கணக்கில் பட்ட பாட்டுக்கெல்லாம் சேர்த்து அழுதேன் என்று நினைக்கிறேன். பிறகு மாத்திரை போட்டுத் தூங்கினேன்.

அந்த ஏற்பாடு அப்படியே நடந்தது. ஒரு தட்டுக்கு நிற்கும். தூங்கி எழுந்து இரண்டு தட்டுத் தட்டினால் ஓடும். இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு வார்த்தை கிடையாது. அப்பா என்னைப் போகாதே என்று சொல்வதையும் விட்டுவிட்டார்.

அப்போதுதான் அந்த நாவலின் கடைசிப் பாகம் கிடைக்காமல் போயிற்று. இணையப் பக்கத்தில் பெயர் இருக்கிறது, தொட்டால் வெறுமை. படித்த அம்மாளுக்கு அந்தப் பக்கத்திலேயே எழுதிக் கேட்டேன், பதில் இல்லை. வேறு இடங்கள் இலவசம் என்று கூப்பிட்டு உட்காரவைத்துவிட்டுக் கடைசியில் கார்டு நம்பர் கேட்டன. தினமும் நான் செருப்பைக் கழற்றும் முன்பே அப்பா, "இன்னா, கெடச்சுதா?" என்பார். இல்லை என்றால் அன்று சோறு பாதிதான் இறங்கும். நாலாம் நாள் காலை, பையை எடுக்கும்போது அந்தப் பழைய பேச்சு திரும்ப வந்தது. "இன்னிக்கு ஒரு நாள் போவாதம்மா."

சனிக்கிழமை, யாரோ புண்ணியவான் இணையத்தின் வேறொரு மூலையில் சேர்த்துவைத்திருந்த தொகுப்பில் அது அகப்பட்டது. ஸ்டேஷனில் வண்டி ஊதும்வரை நின்று இறக்கினேன். வீட்டுக்கு வந்து, முகம்கூடக் கழுவாமல் போனை ஸ்டூலில் வைத்து ஓட்டினேன். அந்த அம்மாள் ஒரு இருமல் இருமிவிட்டு ஆரம்பித்தார்.

அப்பா ஒரு தட்டுத் தட்டினார். நிறுத்தினேன்.

"இன்னாப்பா? இதுக்குத்தான நாயா அலைஞ்சேன்?"

"சுவத்துக்கு அந்தாண்ட ஒருத்தன் முதல்லேர்ந்து கேட்டுக்கினு வரான். அவனுக்கு மட்டும் முடிவு தெரிய வேணாமா? கூப்புடு. இங்க வந்து ஒக்காரச் சொல்லு."

நான் கூப்பிட வேண்டியிருக்கவில்லை. அந்தச் சுவரில் எதுதான் கேட்காது? கதவு திறந்தது. மாமா வந்து கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்தார். நான் கதையை ஓட்டிவிட்டு வாசற்படியில் போய்ச் சாய்ந்தேன். குக்கர் விசில் ஒன்று கேட்டது வரை நினைவிருக்கிறது. அப்புறம் தூங்கிப்போனேன். அந்தக் கதை எப்படி முடிந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

திங்கட்கிழமை விடியுமுன் பையை எடுத்தேன். அப்பா விழித்துத்தான் இருந்தார். நான் கதவருகே போனதும் சொன்னார்:

"சின்னக் கதையெல்லாம் வேணாம்னு சொல்றான். பெருசா பாத்து எடுத்துக்கினு வா."