ஞாயிற்றுக்கிழமை பார்த்த வீடு

கோயம்புத்தூரில் நான் வேலை பார்த்த வார்ப்பட ஆலையை மூடியபோது மகளுக்கு நாலு மாதம். கும்மிடிப்பூண்டியில் ஓர் உருக்கு ஆலையின் லேபில் ஆள் எடுக்கிறார்கள் என்று கூட வேலை பார்த்த ஒருவர் சொன்னார். போனேன். அன்றைக்கே எடுத்துக்கொண்டார்கள். அடுத்த மாதத்துக்குள் ஒரு வீடு பிடித்து மனைவியையும் குழந்தையையும் அழைத்துவர வேண்டும்.

"வீடு எப்படி இருந்தாலும் பரவால்லீங்க. பாப்பாவுக்கு நல்ல காத்து வேணும். அது ஒண்ண மட்டும் பாத்துக்குங்க" என்றாள் மனைவி போனில். மகள் குறைமாதத்தில் பிறந்தவள். முதல் பன்னிரண்டு நாள் கண்ணாடிப் பெட்டிக்குள் படுத்து மூச்சுவிடப் பழகினவள். நாங்கள் இருவரும் அந்தப் பெட்டிக்கு வெளியே நின்று அவள் நெஞ்சு ஏறி இறங்குவதை எண்ணிக்கொண்டிருந்தோம். அதனால் அந்த "ஒண்ணு" எங்களுக்குச் சின்ன விஷயம் இல்லை.

லேபில் என் வேலை சாம்பிள் பார்ப்பது. உலையில் கொதிக்கும் இரும்பை நீளக் கரண்டியால் மொண்டு, சின்ன அச்சில் ஊற்றி, ஆறினதும் தேய்த்து மெஷினில் வைத்தால் அதில் என்னென்ன கலந்திருக்கிறது என்று காட்டிவிடும். ஆனால் எப்போது மொள்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பழைய இரும்பு முழுக்க உருகிக் கலப்பதற்கு முன்னால் அவசரப்பட்டு மொண்டால், மெஷின் சரியாகத்தான் சொல்லும், முடிவு தப்பாக இருக்கும். இதைப் புதுப் பையன்களுக்கு வருஷக்கணக்காகச் சொல்லிக்கொடுத்தவன் நான். கொஞ்சம் அதட்டியே சொல்லிக்கொடுப்பேன்.

வாரத்தில் ஆறு நாள் வேலை. வீடு பார்க்கக் கிடைத்தது ஞாயிற்றுக்கிழமை மட்டும். முதல் ஞாயிறு மூன்று வீடு பார்த்தேன். ஒன்றில் ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர் மூக்கில் இடித்தது. ஒன்றில் தண்ணீர் மோட்டார் காலையில் அரைமணி நேரம்தான் ஓடும் என்றார்கள். கைக்குழந்தை வீட்டுக்கு அரைமணித் தண்ணீர் பல் விளக்கவே போதாது. மூன்றாவது வீட்டில் பேச்சிலர் பையன்கள் எட்டுப் பேர் தூங்கிக்கொண்டிருந்தார்கள், அவர்களைக் காலிசெய்துவிட்டுத் தருவதாகச் சொன்னார்கள். வேண்டாம் என்று வந்துவிட்டேன்.

அன்றைக்கு மாலை, இன்னொருவனோடு நான் தங்கியிருந்த அறையில் பையைக் கிளறியபோது என் சட்டைகளுக்கு நடுவே மகளின் இடுப்பில் கட்டும் துணி ஒன்று மடிந்து கிடந்தது. என் பழைய வேட்டியைக் கிழித்து ஓரம் அடித்த துணி. மனைவி அடுக்கும்போது தவறிப்போய் வந்திருக்க வேண்டும். முகர்ந்து பார்த்தேன், பால் வாசனையும் வெயில் வாசனையும் அடித்தது. கூட இருந்தவன் பார்த்துவிடப்போகிறான் என்று திரும்பி உட்கார்ந்துகொண்டேன். அப்போதுதான் அந்த யோசனை வந்தது.

அடுத்த ஞாயிறு பார்த்த வீடு, தொழிற்பேட்டையைத் தாண்டி, ஏரிக்கரைக்குப் போகிற வழியில் இருந்தது. மாடி வீடு. இரண்டு பக்கமும் ஜன்னல், எதிரே வெட்டவெளி. வீட்டுக்காரருக்கு என் வயதுதான் இருக்கும். அவர் அப்பா காலத்தில் அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு நட்ட குடும்பம். இவர் ஒரு கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலைக்குப் போகிறார், கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஒரு போர்ஷன் எழுப்பியிருக்கிறார்.

"ஊடு சோக்கா கீது பாரு சார். ரெண்டு பக்கமும் காத்து. மழை பெஞ்சாலும் ஒழுகாது" என்றார்.

நான் மொட்டைமாடிக் கொடியில் மகளின் துணியை நனைத்துக் காயப்போட்டேன். இன்னா சார் இது என்று கேட்டார். சாம்பிள் என்றேன். காலை பத்து மணிக்குப் போட்டு மாலை நாலு மணிக்கு எடுத்தேன். ஜன்னல் கட்டையையும் அதாலேயே துடைத்தேன். லேபில் பார்ப்பதுபோல வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். போட்டபடியே வெள்ளையாக இருந்தது. படம் எடுத்து மனைவிக்கு அனுப்பினேன். "பேசி முடிச்சுருங்க" என்று பதில் வந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஊரில் எவனும் இப்படி வீடு பார்த்திருக்க மாட்டான் என்று நினைத்துக்கொண்டேன். அது உண்மைதான், எவனும் பார்த்திருக்க மாட்டான்.

சாமான் இறக்கினதும் ஒரு ஞாயிறுதான். பால் காய்ச்சினோம். மனைவி ஜன்னலோரம் தொட்டில் கட்டினாள். மகள் காற்றுக்குக் கண்ணைச் சுருக்கிச் சிரித்தாள்.

திங்கட்கிழமை மாலை நான் வேலை முடிந்து படியேறும்போது மனைவி ஒரு பிளாஸ்டிக் வாளியோடு நின்றாள். வாளி நிறைய மகளின் துணிகள்.

"மூணு தடவை அலசிட்டேனுங்க. காயப்போட்டா திரும்பவும் இப்படியே ஆயிருதுங்க" என்றாள்.

துணியெல்லாம் கறுப்புப் பொட்டு. விரலால் தேய்த்தால் ஈஷியது. மறுநாள் ஒரு துணியைப் பொட்டலம் கட்டி லேபுக்குக் கொண்டுபோனேன். யாரும் இல்லாத நேரம் பார்த்து அதன்மேல் காந்தத்தை வைத்தேன். கறுப்புப் பொடி எழும்பி வந்து காந்தத்தில் ஒட்டிக்கொண்டது. அதற்குமேல் எந்த மெஷினும் தேவைப்படவில்லை.

அன்று மாலை வீட்டுக்காரரிடம் சண்டைக்குப் போனேன். புகை வருமென்று ஏன் சொல்லவில்லை என்று கத்தினேன். அவர் பதறவே இல்லை.

"உங்க கம்பெனிப் புகைதான சார் அது. ஃபர்னஸ் ஓடினா இந்தப் பக்கம் வரும். நீ வந்து துணி காயப்போட்டது ஞாயித்துக்கெயம. அன்னிக்கி ஃபர்னஸ் லீவு. அது உனக்குத் தெரியாதா? உனக்கும் அன்னிக்கித்தான லீவு?"

நான் விடவில்லை.

"தெரிஞ்சா சொல்லியிருக்கலாம்ல?"

"ஆறு மாசமா ஊடு காலியா கெடந்துச்சி. சொல்லியிருந்தா நீ வந்திருப்பியா? இன்னாத்துக்கு பேஜாரு பண்ற? என் புள்ளைங்க ரெண்டும் இங்கதான் வளந்துகினு கீது."

கீழே அவர் பிள்ளைகள் இருவரும் மூக்கைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்கள். என் கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. மேலே வந்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை நான் வீடு பார்க்கப் போக முடிந்ததே உலையை அணைத்திருந்ததால்தான். அணைந்த உலைக்குப் பக்கத்தில் துணியைக் காயப்போட்டுச் சுத்தமான காற்று என்று கண்டுபிடித்திருக்கிறேன். புதுப் பையன் எவனாவது இப்படி ஒரு சாம்பிள் கொண்டுவந்திருந்தால் கரண்டியாலேயே அடித்திருப்பேன்.

ஆலையில் மேலதிகாரியிடம் மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். புகையை வடிக்கிற பைகள் கிழிந்திருக்கின்றன, மாற்ற எழுதிப் போட்டிருக்கிறது என்றார். பிறகு என் தோளில் கைவைத்து, "நீங்க இன்னும் கன்ஃபர்ம் ஆகலையே, பாத்து இருந்துக்குங்க" என்றார். அக்கறையாகத்தான் சொன்னார். நானும் சரி சார் என்று சொல்லிவிட்டுப் போய் அடுத்த சாம்பிளை மெஷினில் வைத்தேன்.

மனைவி ஜன்னலைச் சாத்தினாள். இடுக்கில் ஈரத்துணியைத் திணித்தாள். உள்ளே புழுங்கியது. மகளுக்கு உடம்பெல்லாம் வேர்க்குரு. திறந்தால் இருமல், சாத்தினால் அழுகை. நாங்கள் திறப்பதும் சாத்துவதுமாக இருந்தோம். இரண்டாவது மாதம் ஒரு புதன்கிழமை மதியம் மனைவி லேபுக்குப் போன் செய்தாள். நான் எடுத்ததும் போனைக் குழந்தையின் நெஞ்சில் வைத்தாள். மூச்சோடு விசில் மாதிரி ஒரு சத்தம் கேட்டது. சொல்லிக்கொள்ளாமல் கிளம்பி ஓடினேன். நான் போய்ச் சேர்ந்தபோது அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு தெருவிலேயே நின்றிருந்தாள். மகளின் விலாவுக்குக் கீழே சதை உள்ளே உள்ளே போய்வந்தது. வீட்டுக்காரர்தான் தன் வண்டியில் எங்களை ஏற்றிக்கொண்டு போனார்.

ஆஸ்பத்திரியில் முகத்தில் மாஸ்க்கைப் பொருத்திப் புகைபோல மருந்து பிடிக்க வைத்தார்கள். டாக்டர் என் சீருடையைப் பார்த்தார். "முடிஞ்சா இடத்தை மாத்துங்க" என்றார். அந்த "முடிஞ்சா"வை அவர் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பாரோ. மனைவி என்னை ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். துணியைக் காயப்போட்ட என் கெட்டிக்காரத்தனத்தைப் பற்றி இன்றுவரை அவள் எதுவும் சொன்னதில்லை.

மறுபடியும் வீடு தேடினோம். பொன்னேரி வேலைக்குப் போய்வரப் பக்கம் என்பதால் முதலில் அங்கே போனேன். ஒரு வீட்டில் நாங்கள் என்ன ஆட்கள் என்று கேட்டார்கள். இன்னொரு வீட்டில், நோயாளிக் குழந்தை ராத்திரியில் அழுமே என்று தயங்கினார்கள். எதையும் மறைக்கக்கூடாது என்று நான்தான் வீசிங் விஷயத்தைச் சொல்லித் தொலைத்திருந்தேன். மனைவியின் சித்தி மகள் வேப்பம்பட்டில் இருந்தாள். "இங்க வந்துருங்க மாமா. நீங்க வேலைக்குப் போன நேரத்துல பாப்பாவுக்கு இழுத்துச்சுன்னா ஓடிவர நான் இருக்கேன்ல" என்றாள். அந்த ஒரு வார்த்தையில் மனைவி முகம் தெளிந்தது. அந்தத் தெளிவைப் பார்த்தபிறகு எனக்கு வேறு ஊர் எதுவும் தோன்றவில்லை.

இந்த முறை ஏமாறக்கூடாது என்று சம்பளம் இல்லாத லீவு போட்டு, ஒரு செவ்வாய்க்கிழமை வேப்பம்பட்டுக்குப் போனேன். ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரத்தில் ஒரு வீடு. கொடியில் துணியைப் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே காலையிலிருந்து மாலைவரை உட்கார்ந்திருந்தேன். வீட்டுக்கார அம்மா இரண்டு தடவை வந்து எட்டிப் பார்த்தார்.

"இன்னா தம்பி, ஊடு பாக்க வந்துட்டு துணியப் பாத்துக்கினு குந்திகினு கீற? எவனும் தூக்கிகினு போவ மாட்டான், எயுந்து வந்து டீயக் குடி."

புகையைப் பார்க்கிறேன் என்று விளக்கினேன். அவருக்கு என்மேல் இரக்கம் வந்திருக்க வேண்டும், டீயோடு இரண்டு வடையும் வந்தன. ஒரு வாரம் கழித்து வெள்ளிக்கிழமையும் போய்ப் போட்டேன். பஸ் புழுதி கொஞ்சம் இருந்தது. காந்தம் வைத்தேன், எதுவும் ஒட்டவில்லை. முடித்துவிட்டோம்.

மகளுக்கு மூன்று வாரத்தில் இருமல் நின்றது. ஒரு மாதத்தில் கன்னத்தில் சதை வைத்தது. இப்போது சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாள். சித்தி மகள் தினமும் வருகிறாள். காற்றைப் பொறுத்தவரை என் சாம்பிள் இந்த முறை சரியாகத்தான் இருந்தது.

வழியை மட்டும் நான் சரியாகப் பார்க்கவில்லை. ஒரே மாவட்டம்தானே, ரயில் இருக்கிறதே என்று நினைத்தேன். வேப்பம்பட்டிலிருந்து போகும் ரயில் வேறு பாதை, கும்மிடிப்பூண்டி ரயில் வேறு பாதை. பேசின் பிரிட்ஜ் வரை போய் இறங்கி, காத்திருந்து, மாறி, மறுபடியும் வடக்கே போக வேண்டும். பெரியபாளையம் வழியாகப் பைக்கில் போகலாம்தான். லாரிகளுக்கு நடுவில் நான் போவதை நினைத்தால் அன்று முழுக்கச் சோறு இறங்காது என்று மனைவி அழுதாள். அதையும் விட்டுவிட்டேன். விடிவதற்கு முன்னால் கிளம்புகிறேன், மகள் தூங்கிக்கொண்டிருக்கிறாள். திரும்பி வருகிறேன், மகள் தூங்கிவிட்டிருக்கிறாள். என் சட்டையில் இன்னும் அந்தப் பொடி இருக்கும் என்பதால் குளிக்காமல் தொட்டில் பக்கம் போகக்கூடாது என்பது மனைவியின் சட்டம். குளித்துவிட்டு வந்து, எழுந்துவிடுவாளென்று தொடாமல், அவள் நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்க்கிறேன். கண்ணாடிப் பெட்டிக்கு வெளியே நின்றதுபோலத்தான் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை உலைக்கு லீவு, எனக்கும் லீவு. காலையில் மகள் எழுந்து என்னைப் பார்த்ததும் உதட்டைப் பிதுக்கி அம்மாவின் நைட்டிக்குள் முகத்தை ஒளித்துக்கொள்கிறாள். பதினோரு மாதக் குழந்தைக்குப் புது ஆளைக் கண்டால் வரும் பயம். வீட்டுக்கார அம்மா வந்தால் கையை நீட்டித் தாவுகிறாள். பத்து மணிக்கு மேல் கதவோரம் நின்று என்னை எட்டிப் பார்ப்பாள். மதியம் தவழ்ந்து வந்து என் கால்விரலைத் தொட்டுவிட்டு அதே வேகத்தில் திரும்பிவிடுவாள். நாலு மணிக்கு மடியில் ஏறுவாள். விளக்கு வைக்கிற நேரத்துக்கு என் தோளில்தான் தூங்குவாள்.

"விவரம் தெரிஞ்சா சரியாயிருமுங்க" என்கிறாள் மனைவி.

எப்படி விவரம் தெரியும்? என்னைப் பற்றி அவளுக்குக் கிடைப்பது ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான். அந்த ஒரு நாளைப் பார்த்து ஒன்றைப் புரிந்துகொள்ள முடியாது என்பது என்னைவிட யாருக்குத் தெரியும்.

போன ஞாயிறும் அப்படித்தான் தோளில் தூங்கிப்போனாள். காதருகே அவள் மூச்சு வந்துபோனது. விசில் இல்லை, கரகரப்பு இல்லை, சுத்தமான மூச்சு. அதைக் கேட்டுக்கொண்டே கூடத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்தேன்.

"தொட்டில்ல போட்டுட்டு நீங்களும் நேரத்துல படுங்க. நாளைக்கு வேலைக்குப் போகோணுமில்ல" என்றாள் மனைவி.

சரி என்றேன், போடவில்லை. போட்டுவிட்டால் அடுத்த ஞாயிறு காலையில் நான் மறுபடியும் புது ஆள்.