பிதுக்கிய உதடு

ஒரு நல்ல மனிதரின் நாணயத்தை, ஒரு வார்த்தைகூடப் பேசாமல் நான் கெடுத்தேன்.

யுத்தத்துக்கு முன்பு, சிம்மக்கல்லில் ஒரு மொத்த ஜவுளிக்கடையில் குமாஸ்தாவாக இருந்தேன். காதர் பாய் எங்களிடம் கடனுக்குத் துணி எடுத்து, உசிலம்பட்டிச் சந்தையில் விற்று, மறுவாரமே பணம் கட்டுவார். பத்திரம் கிடையாது, அவர் வாக்குத்தான். ஒருநாள் நான் துணியைத் தப்பாக அளந்துவிட்டேன்.

"என்ன மாப்ள, இம்புட்டுப் படிச்சும் முழம் போட வரலையே!" என்றார். கடையே சிரித்தது.

அந்த வாரம் பக்கத்துக் கடை முதலாளி என்னிடம், "காதருக்குச் சரக்குக் குடுக்கலாமா? ஆள் எப்படி?" என்று விசாரித்தார். நான் உதட்டைப் பிதுக்கினேன். அவ்வளவுதான்.

பத்தே நாளில் அது தெருவெல்லாம் சுற்றி என் முதலாளியின் காதுக்கும் வந்தது. அவரும் சரக்கை நிறுத்தினார். காதர் பாய் ரயிலடியில் மூட்டை தூக்கப் போனார்.

மனம் பொறுக்காமல் கடை கடையாக ஏறி, தப்பு என்னுடையது, அவர் நாணயஸ்தர் என்றேன்.

"தங்கமான மனசுய்யா உமக்கு. அவனைக் காட்டிக்குடுக்க மாட்டீரு!" என்று சிரித்தார்கள்.

கடைசியில் அவரிடமே போய் உண்மையைச் சொன்னேன். தலைச்சுமையை இறக்காமலே கேட்டார்.

"நீங்க ஏதாச்சும் சொல்லியிருந்தா, அது பொய்னு இப்பச் சொல்லலாம். ஒண்ணுமே சொல்லலையே ஐயா, எதைத் திருப்பி வாங்குவீங்க?"

சாகும்வரை அவர் மூட்டைதான் தூக்கினார். நாணயமான ஆள் என்ற பெயர் எனக்கு இன்றும் இருக்கிறது.