பொன்னாடை வேண்டாம், படித்துவிட்டுத் திட்டுங்கள்

என் முதல் சிறுகதைத் தொகுப்பின் வெளியீட்டு விழாவில் மண்டபம் நிறைந்திருந்தது. சிங்கப்பூர் வழக்கம் தெரிந்ததுதானே. பெயரைக் கூப்பிடக் கூப்பிட ஒவ்வொருவராக மேடையேறி, பளபளத் தாள் சுற்றிய புத்தகத்தை வாங்கி, படத்துக்குச் சிரித்துவிட்டு நேரே பிரியாணி வரிசைக்குப் போவார்கள். எனக்குப் பொன்னாடை மேல் பொன்னாடை. தலைகால் புரியவில்லை.

அடுத்து வந்த தீபாவளிக்கு, அந்த மேடையில் என்னை ஆகா ஓகோ என்று புகழ்ந்த தோழியின் தோ பாயோ வீட்டுக்குப் போனேன். தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் என் புத்தகம். சுற்றிய தாளைக்கூடப் பிரிக்கவில்லை. முறுக்குத் தட்டை நீட்டியபடி, "உன் கதையெல்லாம் சூப்பர் லா" என்றாள். முறுக்கைக் கடித்தேன். அவளைக் கடித்திருக்க வேண்டும்.

அன்றே தீர்மானித்தேன். அடுத்த நாவலுக்கு விழா கிடையாது. அச்சுக்குப் போகும்முன் நானே மனிதர்களுக்கு வாசித்துக் காட்டப் போகிறேன்.

ஃபேரர் பார்க்கில் நான் ரவிக்கை தைக்கக் கொடுக்கும் கடையில் சனிக்கிழமைகளில் பெண்கள் காத்திருப்பார்கள். கடைக்கார அக்காவிடம் கேட்டேன். "வாசிங்க. போரடிச்சா ஃபோனை எடுத்துருவாங்க, கோவிச்சுக்கக்கூடாது" என்றார். எந்த வரியில் கை ஃபோனுக்குப் போனதோ அந்த வரியை அடித்தேன். உயிரைக் கொடுத்து எழுதிய நிலா வர்ணனை முதல் வாரமே போயிற்று. ஆனால் மாமியார், வீட்டுச் சாவியை மருமகளிடம் கொடுக்காமல் ஒளிக்கும் கட்டத்தில் தையல் இயந்திரமே நின்றுவிட்டது. கடைசி அத்தியாயத்தை மட்டும் வாசிக்காமல் வைத்துக்கொண்டேன்.

இந்தச் சங்கதி, என் முதல் விழாவை நடத்திய இலக்கிய வட்டத்தின் தலைவர் காதுக்குப் போய்விட்டது. "தையக்கடையிலயா இலக்கியம்? விழா வைக்கலன்னா யாரும் மதிக்க மாட்டாங்கம்மா" என்றார் ஃபோனில்.

"மதிக்க வேணாம்யா, படிச்சாப் போதும்" என்று வைத்துவிட்டேன்.

நாவல் வந்தது. அக்கா கடையிலேயே ஓர் அடுக்கு வைத்தேன். புத்தகங்கள் போயின, ஒருவரும் வாய் திறக்கவில்லை. இதுவும் தொலைக்காட்சிக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறதோ? உள்ளுக்குள் உதறலாகத்தான் இருந்தது. அதைத் தலைவரிடம் காட்டிக்கொள்வேனா!

பிறகொரு சனிக்கிழமை, கடைக்குள் காலெடுத்து வைத்ததும் வழக்கமாக வரும் பெண்மணி ஒருவர் பாய்ந்து வந்தார். கையில் என் நாவல். அட்டை மடங்கி, ஓரத்தில் குழம்புக் கறை.

"அந்தப் பொண்ணு எதுக்கு மறுபடி அந்த மாமியார் வீட்டுக்கே போனா? வேலை இருக்கு, சம்பளம் இருக்கு. என்ன தலையெழுத்து? உங்களுக்கு அறிவில்ல?"

"இப்ப சாவி யாரு கைல இருக்குன்னு பாத்தீங்களா?"

"பாத்தேன். பத்தாது! முடிவ மாத்துங்க."

"மாத்த மாட்டேன்."

கடையே இரண்டு கட்சியாகிவிட்டது. எனக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கியது. அதற்காக விட்டுக்கொடுக்க முடியுமா?

"இன்னொரு தடவ படிச்சுப் பாருங்க" என்றேன்.

"ரெண்டு தடவ படிச்சாச்சு!" என்று கத்தினார் அவர்.