புண்ணியத்துக்கு வைத்த தொட்டி

இரண்டு வருடங்களுக்கு முன், பொங்கல் கழிந்த அடுத்த வாரம், சேலையூரில் கேம்ப் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் எங்கள் தெருவில் நடந்தது இது.

எனக்கு மறைமலை நகரில், காருக்குப் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டு வேலை. ஒரு பாகத்தில் கீறல் இருந்தால் அது எந்த மெஷினில், எந்த ஷிப்டில் விழுந்தது என்று பின்னோக்கித் துருவிக்கொண்டே போக வேண்டும். "ஏன், ஏன்" என்று கேட்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். வீட்டில் அந்தக் கேள்வியைக் கேட்கும் உரிமை மனைவிக்கு மட்டும்தான் என்பது வேறு விஷயம்.

பிரமோஷன் தள்ளிக்கொண்டே போனது. பசுவுக்குத் தீனி வைத்தால் தடை விலகும் என்று மாமியார் யாரிடமோ கேட்டு வந்து சொன்னார். வழியில் பார்க்கும் பசுவுக்கு ஒரு வாழைப்பழம் கொடுத்துவிட்டுப் போயிருக்கலாம். எனக்குத்தான் எதையும் அளவோடு செய்யத் தெரியாதே. வேங்கைவாசல் பக்கம் கிணற்றுக்குச் சிமெண்ட் உறை விற்கும் இடத்தில் பெரிய தொட்டி ஒன்று வாங்கி, வாசலில் இறக்கி, பெயிண்டரைக் கூப்பிட்டு 'உபயம்' என்று போட்டு என் பெயரையும் எழுத வைத்தேன். பக்கத்தில் ஒரு பசுவும் வரையச் சொன்னேன். அவர் வரைந்தது, ஆபீஸுக்கு நேரமாகிவிட்ட நாய் மாதிரி இருந்தது. பெயர் நன்றாக வந்திருந்ததால் விட்டுவிட்டேன்.

தொட்டியும், அதை வைத்த காரணமும் பிரபலமாகிவிட்டன. தெருவே அதில் கழுநீரும், காய்கறித் தோலும், மிஞ்சிய சாதமும் கொண்டுவந்து கொட்டியது. எங்கள் பக்கம் மாடு வைத்திருப்பவர்கள் காலையில் பால் கறந்ததும் அவிழ்த்து விட்டுவிடுவார்கள். மாடுகள் ஊரைச் சுற்றிவிட்டு மாலையில் தாமாகவே வீடு திரும்பும். அப்படிச் சுற்றும் மாடுகள் எல்லாம், ராஜகீழ்ப்பாக்கத்து மாடுகள் உட்பட, என் வாசலுக்கு வர ஆரம்பித்தன. காலையில் ஒரு வாளி கழுநீரை ஊற்றிவிட்டு, ஸ்கூட்டரில் உட்கார்ந்து இரண்டு தடவை ஹாரன் அடிப்பேன். எங்கிருந்தாலும் வந்துவிடும். ஆபீஸில் நான் கூப்பிட்டு இப்படி யாரும் வந்ததில்லை.

முதலில் வருவது எப்போதும் ஒரு செவலைப் பசு. நெற்றியில் வெள்ளைச் சுட்டி. எங்களுக்குப் பால் ஊற்றும் அக்காவுடையது அது. இரண்டு தெரு தள்ளி வீடு. அப்போது அது நிறைமாதச் சினை. அக்காவின் இன்னொரு மாடு பால் வற்றி நின்றுவிட்டதால், அந்த வீட்டுக்கு அடுத்த வருமானமே இது ஈன்றால்தான்.

மாட்டுப் பொங்கலன்று தொட்டி நிரம்பி வழிந்தது. மாடுகள் வரிசை கட்டி நின்றன. நான் செல்ஃபி எடுத்து ஆபீஸ் குரூப்பில் போட்டேன். மேனேஜர் பார்க்கட்டும் என்று.

அடுத்த வாரம் கால்நடை மருத்துவர் ஒருவர் எங்கள் தெருவில் நடந்து வந்தார். இளம் பெண். முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ். தொட்டி முன் நின்றவர், "சார், இது யாரோடது?" என்று கேட்டார்.

படம் எடுக்கத்தான் கேட்கிறார் என்று நினைத்தேன். "நம்மளோடதுதான் மேடம்" என்று சொல்லி, பெயரின் மேல் இருந்த தூசியைக் கர்சீப்பால் துடைத்தும் விட்டேன்.

"இங்க எந்தெந்த மாடு வரும்?"

கேட்க வேண்டுமா? கொம்பு வளைந்த கறுப்பு, காது கிழிந்தது, மணி கட்டினது என்று குடும்ப அட்டையில் இருப்பவர்கள் மாதிரி ஒப்பித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"அதுல மூணுக்கு இப்ப கோமாரி சார். வாயில, குளம்புல எல்லாம் புண்ணு. வேற வேற வீடு, வேற வேற கொட்டகை. தீவனமும் வேற. மூணும் எங்கே ஒண்ணா வாய் வைக்குதுன்னுதான் தேடிட்டு வர்றேன்."

நான் இன்னும் சிரித்த முகமாகவே நின்றுகொண்டிருந்தேன். நோய் வந்த மாட்டின் எச்சில் ஒழுகினால் போதும், அதே தண்ணீரில் வாய் வைக்கும் அடுத்த மாட்டுக்கு ஒட்டிக்கொள்ளும் என்று அவர் விளக்கியபோதுதான் முகம் இறங்கியது. என் வேலையை என் வாசலிலேயே ஒருவர் செய்து முடித்துவிட்டார். கீறல் விழுந்த மெஷினைக் கண்டுபிடித்தாகிவிட்டது. அதில் என் பெயர் வேறு பெயிண்டில் இருந்தது.

அதற்குள் விஷயம் கேள்விப்பட்டு அக்கா ஓடி வந்தார். அவருடைய பசு முந்தின நாள்கூட இந்தத் தொட்டியில் குடித்திருக்கிறது. டாக்டர் அதற்குத் தடுப்பூசி போட்டாயிற்றா என்று கேட்டார்.

"எங்க மேடம்? முகாம் அன்னிக்குக் கயிற எடுத்துகினு தெருத் தெருவா தேடுனேன். அது இந்தத் தொட்டில தலைய வுட்டுகினு நின்னுகினு இருந்துச்சி. நான் இட்டுகினு போறதுக்குள்ள ஊசி போடறவங்க கெளம்பிட்டாங்க." பிறகு என் பக்கம் திரும்பினார். "இன்னா சார், பிரமோஷன் வந்துச்சா?"

நான் தொட்டியைப் பார்த்தேன். அதில் வரைந்திருந்த நாய் என்னைப் பார்த்தது.

இந்த நிலையில் கோமாரிக் காய்ச்சல் வந்தால் வயிற்றுக் கன்று தங்குவது கஷ்டம் என்றார் டாக்டர். இனி ஊசி போட்டாலும் அது வேலை செய்ய நாளாகும். இரண்டு வாரம் பசுவைத் தனியே கட்டிப் போட்டுக் கவனிப்பது ஒன்றுதான் வழி. நான் அந்தப் பக்கமே போகக் கூடாது. என் செருப்பிலும் டயரிலும்கூட நோய் ஒட்டியிருக்கலாம்.

அன்றே தொட்டியைக் காலி செய்தேன். மாஸ்க் மாட்டிக்கொண்டு, டாக்டர் சொன்னபடி சலவை சோடாவைக் கரைத்து, என் பெயரை நானே தேய்த்தேன். பிறகு கவிழ்த்தேன். எதிர்வீட்டு சார் மாடியிலிருந்து, "வாயில்லா ஜீவனுக்கு வெச்சதைக் கவுக்கறது பாவம் இல்லையா?" என்று கேட்டார். அதுவரை பாவ புண்ணியக் கணக்கில் நான்தான் முதல் மார்க் என்று நினைத்திருந்தேன்.

மறுநாள் மாலை அக்கா போன் செய்தார். "சார், வாயே வெக்க மாட்டேங்குது. பசும்புல்லு போட்டேன், புண்ணாக்குத் தண்ணி வெச்சேன். மூஞ்சத் திருப்பிக்கினு நிக்குது."

தீனி எடுக்காமல் நிற்பதுதான் நோயின் முதல் அறிகுறி என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவரே போய்ப் பார்த்தார். காய்ச்சல் இல்லை, வாயில் புண் இல்லை. ஆனால் நிறைமாத மாடு இப்படிப் பட்டினி கிடந்தால் அதுவும் ஆபத்துதான் என்றார். எனக்குச் சட்டென்று ஒன்று தோன்றியது. இத்தனை மாதமாக அந்தப் பசு ஹாரன் கேட்டுத்தானே சாப்பிட்டது? டாக்டரிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். முதல் முறையாகச் சிரித்தார். "டயரைச் சோடாத் தண்ணில கழுவிட்டு, தெருமுனையிலயே நில்லுங்க. அதுக்கு மேல ஒரு அடி வைக்கக் கூடாது."

காலையில் அக்கா வீட்டுத் தெருமுனையில் நின்றேன். தூரத்தில் அக்காவின் முதுகு மட்டும் தெரிந்தது. இரண்டு தடவை ஹாரன் அடித்தேன். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி அடித்தேன். பின்னால் வந்த ஷேர் ஆட்டோக்காரர் நிறுத்தி, "இன்னா சார், ரோடு காலியா கீது, யாருக்கு அடிக்கிற?" என்றார்.

"மாட்டுக்கு."

அவர் நாலா பக்கமும் பார்த்தார். "ஒண்ணுதான் கீது. அதுவும் வண்டி மேல குந்திகினு கீது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஆட்டோ நகர்ந்த அந்த நேரத்தில் அக்காவின் கை மேலே உயர்ந்தது. பசு வாளியில் வாய் வைத்துவிட்டது.

அதன் பிறகு தினமும் ஆபீஸ் போகுமுன் அதுதான் என் முதல் டியூட்டி. தெருவில் எனக்கு வேறு பெயரே வந்துவிட்டது. அதை இங்கே எழுத முடியாது. நோய் வந்த மாடுகள் மூன்றும் மெல்லத் தேறின. ஆனால் ராஜகீழ்ப்பாக்கத்து வீட்டில், கொம்பு வளைந்த கறுப்பு மாட்டிடம் பால் குடித்துக்கொண்டிருந்த கன்று செத்துப்போனது. அந்தச் செய்தி வந்த காலையிலும் தெருமுனையில் நின்றேன். ஹாரனில் கை வைக்க நேரமானது.

இரண்டு வாரம் கடந்தது. பசுவுக்கு ஒன்றும் வரவில்லை. டாக்டர் வந்து பார்த்துவிட்டுத் தலையசைத்தார் என்று அக்கா போனில் சொன்னபோது, நான் ஆபீஸ் மீட்டிங்கில் இருந்தேன். சத்தமாக "அப்பாடா" என்றேன். மேனேஜர் முறைத்தார்.

சில நாள் கழித்து அக்கா ஒரு தூக்கில் சீம்பால் கொண்டுவந்தார். "கெடேரிக் கன்னு சார்! அதுக்கும் நெத்தில சுட்டி கீது. பிரமோஷன்னு பேரு வெச்சிகீறோம். உங்களுக்குத்தான் வரல, எங்க வூட்டுக்காவது வந்துச்சே."

மனைவி சிரித்த சிரிப்பில் சீம்பால் கொஞ்சம் சிந்தியது.

தொட்டி இன்னும் வாசலில் கவிழ்ந்துதான் கிடக்கிறது. செருப்பு மாட்ட நான் அதில்தான் உட்காருகிறேன். தெருவின் கழுநீரை இப்போது அவரவர் வாளியில் மாட்டுக்காரர்களே வந்து எடுத்துப் போகிறார்கள். அக்காவின் பசு மட்டும் எப்போதாவது வந்து, அந்த இடத்தை முகர்ந்துவிட்டு, என் ஸ்கூட்டரை ஒரு பார்வை பார்க்கும். நான் சத்தம் போடாமல் வண்டியைத் தள்ளிக்கொண்டே தெருமுனை வரை போகிறேன். என் ஹாரனை நம்பி வாய் வைக்க ஒரு ஜீவன் இருக்கிறது என்று தெரிந்தபிறகு, வாளியில் என்ன இருக்கிறதென்று பார்க்காமல் ஹாரன் அடிக்க எனக்குக் கை வருவதில்லை.