கேப்பு எடுத்த துப்பாக்கி

புஷ்பவல்லிக்கு மூன்று விதத் துப்பாக்கி தெரியும். மூன்றோடும் ஒரே கூரைக்கடியில் குடியிருந்தவள்.

காட்டுப்பள்ளியில் அவள் அப்பா வாத்து சுட வைத்திருந்தது திரித் துப்பாக்கி. புகைகிற திரியைப் பிடுங்கித் தண்ணீரில் போட்டுவிட்டால் அது வெறும் குழாய். சித்தப்பாவுடையது கல் துப்பாக்கி. கல் இரும்பில் உரசினால் பொறி பறந்து பக்கத்துக் கிண்ணியில் இருக்கிற மருந்தில் விழும். தூறல் போட்டால் அதுவும் படுத்துவிடும். இரண்டும் சோம்பேறிகள்தான். ஆனால் நெருப்பைக் கண்ணுக்குக் காட்டிவிட்டுத்தான் வெடிக்கும்.

அப்பாவு என்கிற எண்ணூர் உப்பளக் காவல்காரனுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த வீட்டில் இருந்தது கேப்புத் துப்பாக்கி. செம்பில் குட்டித் தொப்பி போல ஒரு கேப்பு, அதற்குள் துளி மருந்து, குதிரை என்கிற குட்டிச் சுத்தி வந்து அடித்தால் வெடி. நெருப்பு எங்கே ஒளிந்திருக்கிறது என்றே தெரியாது.

காலையில் காவல் முடிந்து வந்ததும் அப்பாவு கேப்பை மட்டும் கழற்றி மாடத்தில் வைப்பான். குழாயில் இடித்துக் கெட்டித்த மருந்தும் ஈயக் குண்டும் அப்படியே கிடக்கும். அதைத் தோண்டி எடுக்க அரைமணி நேரம் ஆகும். அதற்குள் அப்பாவு துரைக்குத் தூக்கம் வந்துவிடும். கம்பெனி கொடுத்த ஒற்றை அறை. துப்பாக்கி மாட்ட ஒரே ஆணி. அதற்குக் கீழே குழந்தை நீலாவின் தூளி.

"மருந்த எடுத்துட்டு மாட்டுய்யா. கொயந்த தூங்கிக்கினு கீது."

"கேப்பே இல்ல, இன்னாத்த வெடிக்கும்? உங்கப்பன் வாத்து சுட்ட கதைய எங்கிட்ட வுடாத."

"திரின்னா அணஞ்சது கண்ணுக்குத் தெரியும். இதுல இன்னா தெரியுது?"

"இப்ப தெரியும் பாரு." அப்பாவு குதிரையை இழுத்து, சுவரைப் பார்த்து விசையை அமுக்கினான்.

வெடித்தது. தூளிக்கு ஒரு முழம் மேலே காரை பெயர்ந்து கொட்டியது. குழந்தை வீறிட்டது. அப்பாவு புகைக்குள் வாயைப் பிளந்துகொண்டு நின்றான். புஷ்பவல்லி குழந்தையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, மாடத்தில் இருந்த கேப்பை எடுத்துப் பார்த்தாள். உள்ளே பாதி மருந்தைக் காணோம். கடற்காற்றில் ஊறி உதிர்ந்த பொடி, துப்பாக்கியில் குதிரை அடிக்கிற முனையிலேயே ஒட்டிக்கொண்டு இருந்திருக்கிறது.

சத்தம் கேட்டு உப்பளக் கணக்கர் சங்கரநாராயணன் ஓடி வந்தார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர்.

"என்னவே அப்பாவு, யாரைச் சுட்டீரு?"

"உப்புத் திருடனுங்க சார். வூட்டாண்டயே வந்துட்டானுங்க."

"பொய் சார்," என்றாள் புஷ்பவல்லி. "கேப்ப எடுத்தப்புறம் வெடிச்சுது."

சங்கரநாராயணன் சிரித்தார். "கேப்பு இல்லாம எப்படிம்மா வெடிக்கும்? எனக்கே கதை சொல்லுதியே. பகல்லயே திருட வாரானுவன்னா, இனிமே எந்நேரமும் மருந்து கெட்டிச்சே வச்சுக்கிடும்வே."

"அப்ப அத்த உங்க ஆபீஸ்லயே மாட்டிக்குங்க சார்."

"துப்பாக்கி இல்லாத காவல்காரனுக்கு வீடு எதுக்கும்மா?"

அவள் குனிந்து காரையைக் கூட்டினாள். அந்த அறையை விட்டால் போக இடமில்லை.

அன்று மத்தியானம் அப்பாவு மறுபடி மருந்து கெட்டித்து ஆணியில் மாட்டிவிட்டுக் குறட்டை விட்டான். அவள் துப்பாக்கியை இறக்கி, குழந்தைக்குப் பால் புகட்டுகிற பாலாடையால் குழாய்க்குள் தண்ணீர் விட்டாள். மறுநாளும் விட்டாள். நனைந்த மருந்து எந்தக் கேப்புக்கும் வெடிக்காது. ஆனால் உப்புத் திருட வருகிறவர்கள் கடப்பாரையோடு வருவார்கள் என்பதும் அவளுக்குத் தெரியும்.

ஆறு வருஷம் இப்படியே போயிற்று.

சாயங்காலம் ஆனால் அப்பாவு துப்பாக்கியைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் நிற்பான்.

"பாத்துப் போய்யா. எவனாச்சும் வந்தா ஓடியாந்துடு."

"துப்பாக்கிய வச்சிக்கினு ஓடுவாங்களா? போமே உள்ள."

உப்பளக் கரைமேல் அவன் தலை மறைகிறவரை பார்த்துவிட்டு, பாலாடையைக் கழுவிக் கவிழ்ப்பாள். காலையில் அவன் செருப்புச் சத்தம் கேட்கும்வரை அவளுக்குச் சோறு இறங்காது.